கூரை வேலைக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்ற மாநிலத்துக்காரர்களும் படிக்கலாம், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். குளுகோரில் எங்களுடையது ஒற்றை மாடி வரிசை வீடு. பின்பக்கம் சமையலறையை அப்பா காலத்தில் இழுத்துக் கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தோம். அக்டோபர் மழையில் ஒழுக ஆரம்பித்தது. மூன்று பேரிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் எட்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே இறங்கவில்லை. கோயில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கிடைத்த எண்ணில் பேசிய மூன்றாமவர் 4,800 என்றார். நம்ம ஆள், வாய்க்கு வாய் "அக்கா". ஆட்களுக்கு வேலை பெர்மிட், காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்க்கா" என்றார். முன்பணம் 2,500 கொடுத்தேன். ரசீது என்று நீட்டியது கடையில் விற்கும் பில் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். நிறுவனப் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன், என் புத்தி அப்படி.

வேலை நாளில் வேனில் இரண்டு பையன்களை இறக்கிவிட்டு அவர் போய்விட்டார். ஒருவனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம், வங்காளதேசத்துப் பையன். காலில் ரப்பர் சிலிப்பர், தலையில் ஒன்றும் இல்லை. கயிறு இருக்கிறதா என்று என்னிடம்தான் கேட்டான். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறினான்.

பதினொரு மணி இருக்கும். நான் கீழே முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்து, "அந்த மூலையில் கிடக்கும் இலையையும் அள்ளிடு" என்று மலாயில் சத்தம் போட்டேன். அந்த மூலையில் ஷீட் விரிசல் விட்டிருப்பது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. பெரிய அப்பளம் நொறுங்கினாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். சலவை இயந்திரத்தின் மேல் இடித்துத் தரையில் விழுந்தான். கயிற்றின் முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருக்கிறது. மாவுச் சட்டி முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. இடது கால் இருந்த கோணத்தை இங்கே எழுத வேண்டாம்.

999ஐ அழைத்தேன். ஆம்புலன்சுக்கு முன்னால், வேலையைக் குத்தகைக்கு எடுத்த அந்த மூன்றாமவர் வந்து சேர்ந்தார். பையனைப் பார்த்த கையோடு என் காதருகே வந்து, "யாராச்சும் கேட்டா, உங்களைப் பாக்க வந்த பையன்னு சொல்லிடுங்கக்கா" என்றார். சொல்லவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அவர் எண் வேலை செய்யவில்லை. மருத்துவமனையில் முதலாளி யார் என்று கேட்டார்கள். காட்டுவதற்கு என்னிடம் அந்தப் பில் தாள்தான் இருந்தது. பையனின் பெர்மிட் தோட்ட வேலைக்கானது, அதுவும் காலாவதி. வெளிநாட்டவருக்கான கட்டணத்தின் முன்வைப்புத் தொகையை நான் கட்டினேன்.

மாமா மகள் வழக்கறிஞர். கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "நீங்க அவனுக்கு ஏதாவது வேலை சொன்னீங்களா?" பொதுவாகத் தனிக் குத்தகையாளரின் கவனக்குறைவுக்கு வீட்டுக்காரர் பொறுப்பாவதில்லையாம். ஆனால் நாமே நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்றாலோ, வீட்டில் இருக்கும் ஆபத்தைத் தெரிந்தும் சொல்லாமல் விட்டாலோ, தகுதியில்லாதவர் என்று தெரிந்தே வேலையைக் கொடுத்தாலோ கதை மாறிவிடும். இலை, விரிசல், கொடிக்கயிறு. மூன்றிலும் நான் இருக்கிறேன்.

அடுத்தது குடிநுழைவுச் சட்டம். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவரைத் தன் இடத்தில் இருக்க விடும் குடியிருப்பாளருக்கே ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, இரண்டும் கூட. வேலைக்கு வைத்த முதலாளிக்கு இதைவிட அதிகம். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் சொக்சோ காப்புறுதி 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு, ஆனால் முறையான ஆவணம் வேண்டும். இந்தப் பையனுக்கு அது இல்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் முதலாளிக்கான உச்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி. ஆனால் முதலாளியைக் கண்டுபிடித்தால்தானே! வங்கி எடுக்கச் சொன்ன வீட்டுக் காப்புறுதியைப் புரட்டிப் பார்த்தேன். தீயும் மின்னலும்தான் அதில் இருக்கின்றன, கூரையிலிருந்து விழும் மனிதர் இல்லை.

முன்பணத்துக்காகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் ஐந்து வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். உடற்காயம் பற்றிய கோரிக்கையை அங்கே எடுக்க மாட்டார்கள், அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. மனுவில் எதிர்த்தரப்பின் முகவரி கேட்கிறார்கள். நான் அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது யார் வந்தாலும் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு எண், ஆட்களின் பெர்மிட் நகல், சொக்சோ கட்டிய தாள் மூன்றையும் முதலில் கேட்கிறேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "என்னக்கா, போலீஸ் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. மூன்றாவது ஒரு சீனர் எல்லாத் தாளையும் கோப்பில் வைத்துக் காட்டினார். 8,600 வெள்ளி கேட்கிறார். கூரை வேலை முடியும்வரை பின்கூரையில் நீலக் கேன்வாஸ் கட்டியிருக்கிறேன். மழை வந்தால் கீழே இரண்டு வாளி.