டீப் ஸ்பேஸ் நைன்: திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கு

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ 1993 முதல் 1999 வரை ஓடிய, ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் தொலைக்காட்சித் தொடர். ஏழு பருவம், 176 பகுதி. அது தொடங்கிய காலத்தில் குடாநாட்டில் கரண்டே இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் இதைப் பார்த்தவர்கள் பிந்திப் பார்த்தவர்கள்தான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கப்பல் சண்டைக்காக வருகிறவருக்கு முதல் இரண்டு பருவமும் இழுவை. டிஃபையன்ட் கப்பல் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது. ஆனால் இரண்டாம் சுற்றில் கனம் கூடுவது அந்த முதற் பருவமே.

காரணம் கீரா நெரிஸ் என்ற பஜோர்ப் பெண். பஜோர் கிரகத்தைக் கார்டேசியர் என்ற வேற்றுக்கிரக இனத்தவர் ஏறக்குறைய 50 ஆண்டு பிடித்து வைத்திருந்தார்கள். சின்ன வயதிலேயே எதிர்ப்பு இயக்கத்துக்குப் போனவள், அவர்கள் விட்டுப்போன நிலையத்தில் இப்போது அதிகாரி. முதற் பருவத்தின் 15ஆம் பகுதியில், ஒரு நிலவில் தோட்டம் செய்யும் கிழவரைச் சக்தித் திட்டத்துக்காக வெளியேற்றும் வேலை அவளுக்கு வருகிறது. அவர் அசைகிறார் இல்லை. கடைசியில் அவர் வீட்டுக்கு நெருப்பு வைப்பவள் அவளே. இராணுவம் பிடித்த வலிகாமம் வடக்குக் காணிகளின் பிரச்சினை தெரிந்தவருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

19ஆம் பகுதி இதைவிடக் கூர்மை. கட்டாய உழைப்பு முகாமின் தளபதி என்று பிடிபடுகிறவர் உண்மையில் அங்கே கோப்புப் பார்த்த கிளாக்கர். தன் இனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தளபதியாக நடிக்கிறார். பெரும்பகுதியும் ஒரு சிறைக்கூடத்துக்குள் இரண்டு பேர் கதைப்பதுதான். ஆறாம் பருவத்தின் இரண்டாம் பகுதியையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நிலையம் மறுபடி எதிரி கையில். கீரா தினமும் எழும்பி, கோப்பி குடித்து, வேலைக்குப் போகிறாள். எதிர்ப்புத் தெரிவித்து ஒரு பெண் துறவி எல்லார் கண்முன்னும் தூக்கில் தொங்கிய பிறகுதான் தான் யாருக்கு வேலை செய்கிறேன் என்று அவளுக்கு உறைக்கிறது.

பஜோரை ஆண்ட கார்டேசியத் தளபதி டுகாட்டை முதற் சுற்றில் பலருக்குப் பிடித்துப்போகும். மார்க் அலைமோவின் நடிப்பு அப்படி. ஆறாம் பருவம் 11ஆம் பகுதியில், தான் ஆண்ட பஜோரில் தனக்கு ஒரு சிலைகூட இல்லை என்று குறைப்படுகிறான். அதைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து வந்தால் அவனது ஒவ்வொரு இனிய பேச்சும் வேறு மாதிரிக் கேட்கும்.

நிலையத்தில் வளரும் நோக் ஆரம்பத்தில் களவெடுக்கிற பொடியன், கடைசியில் காலை இழந்த படைவீரன். ஏழாம் பருவத்தின் எட்டாம் பகுதியையும் பத்தாம் பகுதியையும் ஒரே நாளில் பாருங்கள். இடையில் வரும் ஒன்பதாம் பகுதி கதையோட்டத்தை உடைக்கிறது. பொருத்திய செயற்கைக் காலில் பழுதில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகும் நோவு நீடிப்பதைத் தொலைக்காட்சி இவ்வளவு பொறுமையாகக் காட்டியது குறைவு. ஜெய்ப்பூர்க் கால் பரிச்சயமான ஊரில் அது இன்னும் உறைக்கும்.

முதற் பருவம் 10ஆம் பகுதியைக் கூசாமல் தவிர்க்கலாம். கடைசிப் பருவத்துப் பேய்பிசாசுக் கதையும் எனக்குத் தேறவில்லை.

படத்தரம் பற்றி ஏமாற வேண்டாம். படப்பிடிப்பு 35 மிமீ பிலிமில் நடந்தாலும் எடிட்டிங்கும் காட்சி விளைவுகளும் வீடியோ நாடாவில் முடிந்தன. முந்திய ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரைப் போல இதைப் பிலிமிலிருந்து திரும்பக் கட்டவில்லை. பெரிய டிவியில் 4:3 அளவிலேயே விடுங்கள். ஸூம் போட்டால் தலை வெட்டுப்படும். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிய பிரதிகளில் முகங்கள் மெழுகாகிவிடுகின்றன, முக்கியமாக நிலையத்தின் காவல் அதிகாரி ஓடோவின் முகம்.

சப்டைட்டில் இரண்டு விதமாகப் பிழைபடும். முதற் கதை சில இடங்களில் ஒரு பகுதி, சில இடங்களில் இரண்டு என எண்ணப்படுவதால் அந்தப் பருவம் முழுக்க ஒரு எண் தள்ளிப்போகும். நாலாம் பருவத்திலும் இதே சிக்கல். நான் தந்த எண்கள் இரண்டாகக் கணக்கிட்டவை. மற்றது வேகம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடி செக்கனுக்கு 25 பிரேமில் ஓடும், 23.976க்குச் செய்த சப்டைட்டிலைப் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருந்து, 45 நிமிடப் பகுதியின் முடிவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிந்தும். விஎல்சியில் ஜி, எச் விசைகள் தாமதத்தை மட்டுமே நகர்த்தும், இந்த நழுவலைத் திருத்தாது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் பிரேம் வேகத்தை 23.976இலிருந்து 25க்கு மாற்றிச் சேமித்தால் போதும்.