செராமிக் வகுப்புன்னு ரூ.12,500 வாங்கிட்டு ஏமாத்தறாங்க, வேலூர்க்காரங்க உஷார்

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். காட்பாடிப் பக்கம் எல்லாருக்கும் பொதுவான பயிற்சிக்கூடம்னு சொல்லிக்கிற ஒரு இடம். பேர் வேண்டாம். எட்டு வகுப்பு, மண், கிளேஸ் (பாண்டத்து மேல பூசற கண்ணாடிப் பூச்சு), ரெண்டு தடவை சுடறது எல்லாம் சேர்த்து ரூ.12,500. மொத்தமும் முன்கூட்டியே.

நம்ப வெச்சது அந்த மின்சூளை. கன்ட்ரோலர்ல 1240 டிகிரின்னு சிவப்பா எண் எரியுது. மண் உருண்டையைக் கம்பியால ரெண்டா அறுத்து, "பாருங்க, ஒரு காத்துக் குமிழி இருக்கா?"ன்னு காட்டினாங்க. இல்லைதான், பிசைஞ்ச பதம் அருமை. அங்கேயே ஜிபே பண்ணியாச்சு.

எண் எரியறதுக்கு சாதா பிளக் போதும். அந்த அளவு சூளையைச் சூடேத்த த்ரீ பேஸ் வேணும், அந்தக் கட்டடத்துல அந்த இணைப்பே இல்லை. இது அப்புறம்தான் வெளிய வந்தது.

செஞ்ச பாண்டமெல்லாம் அலமாரியில காயுது. எப்போ சுடுவீங்கன்னு கேட்டா "லோ வோல்டேஜ் மேடம்". அப்புறம் "எலிமென்ட் (சூடேத்தற கம்பி) ஆர்டர் போட்டிருக்கு". அப்புறம் "மழை விடட்டும்". மின்சூளைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில எங்கேயோ விறகுச் சூளைக்கு அனுப்பி அவசர அவசரமாச் சுட்டதுல பாதி வெடிச்சுப் போச்சு. அதுக்கும் பதில் ரெடி: "நீங்க உள்ள காத்து விட்டுட்டீங்க."

பச்சைப் பொய். வெடிக்க வைக்கிறது ஈரம். அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்தா மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள தண்ணி நிக்கும். 100 டிகிரி தாண்டினதும் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாம சுவரைப் பிளக்கும். கன்னத்துல வெச்சுப் பார்த்து சில்லுன்னு இருந்தா சூளைக்குள்ள வைக்கவே கூடாது. வெச்சாலும் 100க்குக் கீழேயே சில மணி நேரம் நிறுத்தி ஈரத்தை ஓட்டணும்.

தப்பினதோட கதி இன்னும் மோசம். பூசினது 1240ல உருகற ஸ்டோன்வேர் கிளேஸ், அதாவது அதிகச் சூடு தாங்கற மண்ணுக்கானது; மண்ணோ சாதாரணச் செம்மண். விறகுச் சூளையில அந்தச் சூடு வரலை, கிளேஸ் உருகாம சுண்ணாம்பு அடிச்ச மாதிரி விரல்ல ஒட்டுது. சரி, நிஜமாவே 1240 ஏத்தியிருந்தா? அந்தச் செம்மண் கொப்பளிச்சு, தொய்ஞ்சு, சூளைத் தட்டோட ஒட்டிக்கிட்டிருக்கும். ஆக அந்த 1240 எப்படிப் பார்த்தாலும் ஷோவுக்குத்தான். கிளேஸ் பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரி பக்கத்துலயே இருக்கும்போது இவ்வளவு தைரியம்!

ரூ.12,500 திருப்பிக் கேட்டா "அடுத்த பேட்ச்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்". ரெண்டாவது தடவை கேட்டா நீல டிக் மட்டும். மூணாவது தடவை வாட்ஸ்அப் குரூப்லேர்ந்தே தூக்கிட்டாங்க. அதே வாரம் புது பேட்சுக்கு விளம்பரம், அதே ரூ.12,500!

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்போ பொறுமை இல்லை. மண்ணு எத்தனை டிகிரியில சுடணும், கிளேஸ் எத்தனை டிகிரியில உருகும்னு கேளுங்க, ரெண்டும் ஒத்துப் போகலைன்னா வெளிய வந்துடுங்க. போன பேட்ச் செஞ்ச கப்புல தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சு, அடியில கசியுதான்னு பாருங்க. சூளை எரியும்போது போய்ப் பாருங்க. முழுப் பணமும் முன்னாடி கேட்டா கொடுக்காதீங்க, ரசீது இல்லாம ஒரு ரூபா கூட.