பெருஞ்சிரையை எடுப்பதா, விட்டுவைப்பதா?

கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் முற்றியவருக்குக் கல்லீரல் மாற்று என்றதும் யார் தருகிறார்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அறுவை அரங்கில் கேள்வி வேறு. கீழுடம்பின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோக, பழைய கல்லீரலின் முதுகை ஒட்டி ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையைச் சேர்த்து எடுப்பதா, விட்டுவைப்பதா?

சேர்த்து எடுப்பதே மூத்த முறை. மனிதருக்கு முதன்முதலில், 1963இல் அமெரிக்காவின் டென்வரில், கல்லீரல் மாற்றிய தாமஸ் ஸ்டார்சல் காலத்திலிருந்து வருவது. சிரைத் துண்டோடு கல்லீரல் வெளியே வரும். புதியதன் சிரையை மேலே ஓரிடம், கீழே ஓரிடம் தைப்பார்கள். அறுப்பவருக்கு வேலை நேர்த்தியாக முடியும். நோயாளிக்குத்தான் சோதனை. தைக்கும்போது சிரையை அடைத்துப் பிடிக்கும் கவ்விகளை எடுக்கும்வரை கால்களிலிருந்தும் சிறுநீரகங்களிலிருந்தும் இரத்தம் பெருஞ்சிரை வழியே இதயத்துக்குத் திரும்ப முடியாது. இரத்த அழுத்தம் சரியும். இதற்காகவே 1980களில் பிட்ஸ்பர்க்கில் பம்பு வைத்து, தொடைச் சிரையிலும், குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் வாயிற்சிரையிலும் எடுத்த இரத்தத்தை அக்குள் சிரைக்குத் திருப்பினார்கள். உயிர் காத்த உத்திதான். ஆனால் கூடுதல் காயம், குழாயில் உறையும் இரத்தம், குளிரும் உடம்பு என அதற்கும் விலை உண்டு.

இரண்டாவது ‘பிக்கிபேக்’. நம் உப்புமூட்டைதான்! பெருஞ்சிரை இருந்த இடத்திலேயே இருக்க, புதிய கல்லீரல் அதன்மேல் ஏறி அமரும். 1968இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ராய் கால்ன் குழு விவரித்த இம்முறை, 1989இல் பிட்ஸ்பர்க் குழு எழுதிய பிறகே பரவியது. பெருஞ்சிரையில் தையல் ஒன்று குறைவு. பெரும்பாலும் பம்பும் வேண்டாம்.

சிரோசிஸ் உள்ளவரிடம் இது சொல்வதுபோல் எளிதல்ல. வாயிற்சிரை அழுத்தத்தால் வயிற்றுக்குள் எங்கும் புடைத்த பக்கச் சிரைகள், உறையத் தயங்கும் இரத்தம், போதாததற்குக் கல்லீரலின் பின்பக்கத்துச் சிறு பகுதியான வால் மடல் வீங்கி சில வேளை பெருஞ்சிரையைச் சுற்றி வளைத்திருக்கும். மடலைச் சிரையிலிருந்து உரித்தெடுக்க, சிறு சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்ட வேண்டும். பொறுமையற்ற கைக்கு ஏற்ற வேலையல்ல. விந்தை என்னவென்றால், தொல்லை தரும் அதே பக்கச் சிரைகள்தான் வாயிற்சிரையை அடைக்கும்போது இரத்தத்துக்கு மாற்றுவழியாகின்றன. திடீரெனக் கல்லீரல் செயலிழந்தவருக்கு அந்த வசதி இல்லை.

உப்புமூட்டையின் பலவீனம் வடிகால். இணைப்பு வாய் குறுகினாலோ கல்லீரல் திரும்பிக்கொண்டாலோ இரத்தம் வெளியேறாமல் தேங்கும். பெருஞ்சிரைக்குள் திறக்கும் மூன்று கல்லீரல் சிரைகளின் வாயையும் ஒன்றாக்கித் தைப்பது ஒரு தீர்வு. பிரான்சில் அறுவை மருத்துவர் பெல்கிட்டி 1992இல் சொன்ன பக்கவாட்டு இணைப்பு இன்னொன்று. நோயாளியுடையது, புதிய கல்லீரலோடு வந்தது என இரு பெருஞ்சிரைகளையும் பக்கத்தில் நீளமாகத் திறந்து தைப்பதால் வாய் அகலமாக அமைகிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

அதற்காகப் பழைய முறையைத் தூக்கி எறிய மாட்டேன். புற்றுக்கட்டி பெருஞ்சிரையை ஒட்டியிருந்தால் சிரையையும் சேர்த்து எடுப்பதே நியாயம்.

இந்தியாவில் பெரும்பாலான மாற்றுகள் உயிருள்ள உறவினர் தரும் கல்லீரல் பகுதியால் நடப்பவை. அங்கே பெரும்பாலும் இந்த விவாதத்துக்கே இடமில்லை. கொடுப்பவரின் பெருஞ்சிரை அவரிடமே இருக்க வேண்டும். ஆகவே பெறுபவருடையதை, வால் மடல் எவ்வளவு முரண்டு பிடித்தாலும், உரித்துக் காப்பாற்றியே தீர வேண்டும்.