அறிவித்தலை எந்தத் தமிழில் எழுதுவது: காரியாலயத் தமிழா, பெரட்டுக்களத் தமிழா?

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் அறிவித்தல் எழுதும் வேலை என் கைக்கு வந்து ஆறு வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் பழைய கோப்பைப் பார்த்துக் காரியாலயத் தமிழிலேயே எழுதினேன். அப்புறம் மாற்றிக்கொண்டேன். பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நின்று ஒருவர் வாசித்தால் மற்றவர்களுக்கும் உடனே விளங்குகிற தமிழ்தான் இப்போது என் தெரிவு.

காரியாலயத் தமிழிலும் வசதி உண்டு. சுற்றறிக்கையோடு ஒத்துப்போகும், மேலிடத்தில் கேள்வி வராது, பழையதைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் இந்த மூன்று வசதியும் எழுதுகிறவனுக்குத்தான்.

சேவைக்காலப் பணத்துக்கான பழைய அறிவித்தல் இப்படி இருந்தது: "1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின் ஏற்பாடுகளுக்கு அமைவாக, உரித்துடைய முன்னாள் ஊழியர்கள் தமது விண்ணப்பங்களை உரிய ஆவணங்களுடன் சமர்ப்பிக்குமாறு இத்தால் அறிவிக்கப்படுகின்றனர்."

இப்போது நான் எழுதுவது: "வேலையை விட்டு நின்றவர்களுக்கு. நீங்கள் 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் சேவைக்காலப் பணம் கிடைக்கும். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் செய்தவருக்கு 280 நாள் சம்பளம். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, பின்னேரம் 3 மணிக்குப் பிறகு ஆபிசுக்கு வாருங்கள்."

இரண்டும் ஒரே சட்டத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் முதலாவதை வாசித்தவருக்குத் தனக்குப் பணம் உண்டா, எவ்வளவு, எதைக் கொண்டு வர வேண்டும் என்ற மூன்றுமே தெரியாது.

அழகு, மரியாதை என்று பல காரணம் சொல்வார்கள். என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றுதான்: விளங்காத அறிவித்தலுக்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள் என்பது. பழைய அறிவித்தல் தொங்கிய காலத்தில் மேற்பிரிவிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். வேலையை விட்டு நின்றது அவருடைய கணவர். அவருக்கு நடக்க முடியாததால் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய இந்த அம்மா வந்திருந்தார். "என்னாங்க ஐயா எழுதியிருக்கு, எங்களுக்கும் காசு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, வங்கிப் புத்தகம் வேண்டும் என்றேன். அவர் கொண்டு வரவில்லை, மறுநாளும் வந்தார். அந்த இரண்டு நாளும் அவருக்குப் பேர் விழவில்லை, அதாவது வேலைநாளாகக் கணக்கில் ஏறவில்லை. "உரிய ஆவணங்கள்" என்று எழுதியவன் நான், இரண்டு நாள் சம்பளத்தை இழந்தவர் அவர். அன்றைக்கு இரவு முழுக்க அது மனதை அறுத்தது.

அதனால்தான் ஓர் அறிவித்தலை ஒட்டியபின் எத்தனை பேர் விளக்கம் கேட்டு வேலையை விட்டு வருகிறார்கள் என்று பார்க்கிறேன். புதிய முறைக்குப் பிறகு அப்படி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் கையில் புத்தகத்தோடு வருகிறார்கள்.

ஆனால் எல்லாச் சொல்லையும் பேச்சுச் சொல்லாக மாற்றக்கூடாது. நாங்கள் பேச்சில் சொல்வது ஈபிஎப். தமிழ்ப் படிவத்தில் இருப்பது ஊழியர் சேமலாப நிதி. ஈபிஎப் என்று மட்டும் எழுதினால் தொழில் காரியாலயத்தில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது வேறெதுவோ என்று நிற்பார்கள். அதனால் "ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎப்" என்று ஒருமுறை எழுதிவிட்டு, சம்பளத்தில் 8 வீதம் உங்களுடையது, 12 வீதம் தோட்டம் போடுவது என்று தொடர்கிறேன். அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஈபிஎப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரியையும் விடுவதில்லை. பெயர் மாறிக் கிடப்பதால் பணம் தாமதமாகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம்.

மூன்றாவதாக, போனில் குரல் செய்தி அனுப்பும் வழியும் இருக்கிறது. நான் இரண்டு மூன்று தடவைதான் செய்து பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பணக் கணக்குக்கு அது சரிவரவில்லை, எண்கள் காதில் நிற்பதில்லை. மண்சரிவு எச்சரிக்கைக்கு அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த எச்சரிக்கையிலும் "24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை" என்றால் லயத்தில் யார் அளப்பது? மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் வெளியேறுங்கள் என்றால் பிள்ளைக்கும் விளங்கும்.

இப்போதெல்லாம் ஒட்டுவதற்கு முன் கொழுந்து நிறுக்க வருகிற ஓர் அக்காவிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். எங்கே தடுமாறி நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்துவேன். போன வாரம் "சமர்ப்பிக்க" என்ற இடத்தில் நின்றார். அதை வெட்டிவிட்டு "கொண்டு வந்து கொடுக்க" என்று எழுதி ஒட்டினேன்.