மோனா லிசாவா, எதிர்ச்சுவரா?

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஓடுவது மோனா லிசாவைப் பார்க்கத்தான், ஆனால் அங்கே போய் நின்றதும் பலருக்கு முகம் தொங்கிவிடுகிறது, ஏனென்றால் படம் வெறும் 77க்கு 53 சென்டிமீட்டர், அதுவும் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், முன்னே தூக்கிப் பிடித்த செல்போன் கூட்டம். நிதானமாக நிற்கவும் முடியாது.

சரி, அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவரில் இத்தாலிய ஓவியர் வெரோனீஸே 1563இல் வரைந்து முடித்த 'கானா ஊர்த் திருமணம்' (பைபிளில் இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கல்யாண விருந்து), கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவரிலேயே பெரிய ஓவியம்! விருந்து மேசையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள், வாத்தியக்காரர்கள், நாய்கள், பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதோ கண்ணில் படும். நெப்போலியன் படை 1797இல் வெனிஸிலிருந்து எடுத்து வந்தது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதையே பாருங்கள். அப்புறம், செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.