முதல் ராலி கார்: எஸ்டீமா, ஜிப்சியா, ஸ்விஃப்டா?

ராலியில், அதாவது கார்கள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிடும் பந்தயத்தில், இறங்குவது என்று நானும் என் மைத்துனரும் முடிவு செய்தபோது, எங்கள் பணத்துக்குள் மூன்று கார்களே அடங்கின: பழைய மாருதி எஸ்டீம், ஜிப்சி, 2005-இல் வந்த முதல் தலைமுறை 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். நான்கு மாதங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் வண்டி வண்டியாகப் பார்த்து அலைந்துவிட்டு, கடைசியில் எஸ்டீமை வாங்கினோம். இரண்டு போட்டிப் பருவங்கள் ஓட்டிய பிறகும் அந்தத் தேர்வில் எனக்கு வருத்தமில்லை. ஆகவே இந்த அலசல் எஸ்டீம் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இன்ஜினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்றிலும் இருப்பது ஒரே ஜி13 இன்ஜின் குடும்பம்தான்: பிற்கால எஸ்டீமில் 85, பிற்கால ஜிப்சி கிங்கில் 80, ஸ்விஃப்டில் 87 குதிரைத்திறன். எந்த ஊர் மெக்கானிக்கும் பலமுறை பிரித்து மாட்டிய இன்ஜின் அது. எடையில் மட்டும் எஸ்டீம் முந்துகிறது. ஏறக்குறைய 875 கிலோதான், ஸ்விஃப்ட் 1,000 கிலோவைத் தாண்டுகிறது. மண் பாதையில் இந்த வித்தியாசம் பிரேக் பிடிக்கும்போது நன்றாகவே தெரியும்.

ஜிப்சி உறுதியான வண்டி. ரெய்ட் டி ஹிமாலயா போன்ற நெடும் போட்டிகளில் அது பெற்ற பெயரை யாரும் மறுக்க முடியாது. ஆனால் முன்னும் பின்னும் லாரியில் இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங், உயரமான உடல், நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) இல்லாத நான்கு சக்கர இயக்கம் ஆகியவற்றோடு, குறுகிய வளைவுகள் அடுத்தடுத்து வரும் ஸ்டேஜில் (நேரம் கணக்கிடப்படும் பாதைப் பகுதியில்) ஒரு புதியவர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் நண்பர் ஒருவரின் ஜிப்சியை இரண்டு நாட்கள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். என் கருத்தை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நின்ற பிறகு நல்ல ஜிப்சிக்கு விலையும் இறங்கவில்லை.

எங்கள் தேர்வைத் தீர்மானித்தது துரு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறோம். ராலி காரில் உயிரைக் காப்பது ரோல் கேஜ், அதாவது காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு. அந்தக் கேஜைத் தாங்குவது காரின் தரைத் தகடு. சர்வதேச விதிப்படி, கேஜின் முக்கியக் கால்கள் ஒவ்வொன்றும் உட்காரும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுவூட்டும் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். எவ்வளவு நல்ல குழாயில் கேஜ் செய்தாலும், கீழே இருக்கும் தகடு உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்தால், வண்டி உருளும்போது கேஜின் கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். பிறகு கேஜ் இருந்தும் பயனில்லை.

புதுச்சேரியில் நாங்கள் பார்த்த ஒரு ஸ்விஃப்ட், பெயின்ட் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரின் முனையால் மைத்துனர் மெதுவாகத் தட்டினார். இரண்டு இடங்களில் 'டங்' என்று கேட்டது, மூன்றாவது இடத்தில் சத்தமே இல்லை. லேசாக அழுத்தியதும் பட்டி உதிர்ந்து, முனை மறுபுறம் தரையைத் தொட்டது. அதன் பிறகு ஒவ்வொரு காரிலும் ஜாக்கி வைக்கும் விளிம்பு, முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனை உட்காரும் இடம், ஸ்டெப்னிக் குழி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். 2015 வெள்ளத்தில் கடலூரில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால், அதன் அடிப்பகுதியில் படிந்த சேற்றுக் கோடு சில நேரம் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆகவே கடலோர வண்டிகளை விட்டுவிட்டுச் சேலம் பக்கம் தேடினோம். உள்நாட்டிலேயே ஓடிய, துரு இல்லாத எஸ்டீம் ஒன்று அங்கே கிடைத்தது. அதே நிலையில் இருந்த ஸ்விஃப்டுக்குக் கேட்ட விலையில் ஏறத்தாழ பாதிதான். மிச்சப்பட்ட பணம் முழுவதும் கேஜுக்கும் சீட்டுக்கும் ஆறு முனைப் பெல்ட்டுக்கும் போயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி ஸ்ட்ரட் இருப்பதால், பின்பக்கம் பள்ளத்தில் விழுந்தாலும் எஸ்டீம் சீக்கிரம் நிலைப்படுகிறது என்பது ஓட்டிய பிறகு தெரிந்துகொண்ட நன்மை. ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்குப் பொதுச் சாலையில்தான் போக வேண்டும் என்பதால், ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். சேலம் வண்டியைக் கடலூருக்குக் கொண்டுவருவது எளிது. புதுச்சேரியில் குடியிருப்பவர் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும், அந்த அலைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பு மட்டும் இல்லாமல் தகடும் நன்றாக உள்ள ஸ்விஃப்ட் உங்கள் விலைக்குள் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். திரும்ப விற்கும்போது அதற்குத்தான் ஆள் வருவார்கள். எஸ்டீமின் குறையும் அங்கேதான் இருக்கிறது. 2007-உடன் உற்பத்தி நின்றுவிட்டதால், முன் மட்கார்டு, கண்ணாடி, ஹெட்லைட் போன்றவற்றைப் பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. அதற்காகவே ஓடாத எஸ்டீம் ஒன்றையும் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதன் இடப்பக்கக் கதவு சென்ற பருவத்திலேயே எங்கள் வண்டிக்கு வந்துவிட்டது.