மேப்பா, இணையதளமா? கொடைக்கானலில் புதுக் கடை போடுபவருக்கு

ஏரிக்கரைப் பக்கம் சாக்லேட் கடை என்றால் கூகுள் பிசினஸ் புரொஃபைல் போதும்; கூகுள் மேப்பிலும் தேடலிலும் கடையைக் காட்டும் பதிவு அது. காசு கிடையாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே காரில் இருப்பவர் தேட ஆரம்பித்துவிடுவார். தேடியதற்குக் கடை எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் வைத்துத்தான் கூகுள் வரிசை போடுகிறது. கடை நேரத்தைச் சரியாகப் போடுங்கள். பூட்டிய கடை வாசலில் மழையில் நின்றவர் ஒரு ஸ்டார்தான் கொடுப்பார்.

மலைப்பூண்டு கதை வேறு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வாங்குபவரோ சென்னையில் இருக்கிறார். மேப் அவருக்கு எதற்கு? இணையதளம்தான் வேண்டும். பக்கத் தலைப்பில் 'நல்வரவு' என்று போடாமல் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்றே போடுங்கள். எத்தனை நாள் கெடாது, சாதாரணப் பூண்டிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று வாடிக்கையாளர் போனில் கேட்பதையெல்லாம் அங்கே எழுதிவையுங்கள். அதுதான் தேடலில் வரும். படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். இணையதளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் சைட்மேப் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுத்தாலும் பலன் தெரிய வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும்.

'முதலிடம் கேரண்டி' என்று பணம் கேட்டு வருபவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

தங்கும் விடுதியா? இரண்டும் வேண்டும். ஆனால் மேப் முதலில்.